குமிழி விடாத மூச்சு

இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் நாலைந்து முறை மூச்சு விட்டிருப்பீர்கள். உள்ளே போகும் காற்றில் 21 சதவீதம் ஆக்ஸிஜன். வெளியே வருவதில் சுமார் 16. அதாவது இலையில் போட்டதில் கால்வாசியைச் சாப்பிட்டுவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம், நிமிடத்துக்குப் பதினைந்து தடவை. தரைமேல் இருக்கும்வரை இதில் யாருக்கும் நஷ்டமில்லை. தண்ணீருக்கு அடியில் போனால் இந்த ஊதாரித்தனத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தக் கட்டாயம் வந்தது என் தங்கையால்.

அவள் தூத்துக்குடியிலிருந்து போன் பண்ணினாள்.

"அண்ணே, ஒங்க மருமகன் என்னமோ கோர்ஸ்ல சேரப் போறானாம்லா. தண்ணிக்குள்ள முன்னூறு அடி போறதுக்காம். அதுல ரெண்டு தினுசு இருக்காம். எதுல சேரணும்னு மாமாகிட்ட கேட்டுச் சொல்லுதேன்னான். எதுலயும் சேராதடான்னு சொல்லிருங்க."

நான் கடல் நிபுணன் இல்லை. தண்ணீருக்கடியில் என் மொத்த சாதனை அந்தமானில் பத்து மீட்டர். அதுவும் பயிற்சியாளர் என் சிலிண்டரை, சைக்கிள் பழகும் குழந்தையின் சீட்டைப் பிடிப்பதுபோல் கடைசிவரை பிடித்துக்கொண்டே வந்தார். ஆனால் தங்கை மகனுக்கு என்னிடம் ஒரு நம்பிக்கை. சின்ன வயதில் அவன் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டபோது திட்டாமல் கூட உட்கார்ந்து மாட்டிக்கொடுத்த ஒரே ஆள் நான்.

அவன் இப்போது அமெரிக்காவில், ஃப்ளோரிடா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில்லில் சாஃப்ட்வேர் எழுதுகிறான். மனைவி, இரண்டு வயதில் ஒரு பெண். அந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக் கல் பூமி. தண்ணீர் அரித்து அரித்துத் தரைக்கு அடியில் மைல் கணக்கில் குகைகள் செய்துவைத்திருக்கிறது. கண்ணாடி மாதிரி தண்ணீர். வருஷம் பூராவும் 22 டிகிரி. பக்கத்து ஊர்களில் டீக்கடைக்குப் போவதுபோல் குகைக்குள் டைவ் அடிக்கப் போகிறார்கள். இவனுக்கும் தொற்றிக்கொண்டது. 'ஈகிள்ஸ் நெஸ்ட்' என்று காட்டுக்குள் ஒரு குளம். பார்த்தால் எருமை குளிக்கும் குட்டை. உள்ளே சுமார் 90 மீட்டர் ஆழம். அதில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர்தான் எல்லை. அதுவரை ஏதாவது கோளாறு என்றால் மெதுவாக மேலே வந்துவிடலாம். அதற்குக் கீழே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் அந்த உரிமை ரத்து. சோடா பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தில் உடம்பில் கரைந்த வாயு, சட்டென்று மூடியைத் திறந்தால் நுரைக்கும். எங்கே? ரத்தத்தில், மூட்டில், முதுகுத்தண்டில். அதனால் படிப்படியாக நின்று நின்று ஏற வேண்டும். 90 மீட்டரில் இருபது நிமிஷம் இருந்தால் ஏறி வர ஒரு மணி நேரத்துக்கு மேல், பல சமயம் இரண்டு மணி. தலைக்குமேல் கூரை இல்லாவிட்டாலும் கூரை இருக்கிறது. 

இந்தப் படிக்கணக்கை ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து 1908-ல் வெளியிட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். இவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1957-ல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் இறந்துபோன மரபியல் மேதை. அப்பா ஆட்டை வைத்துப் பார்த்ததைப் பிள்ளை தன்மேலேயே வைத்துப் பார்த்தார். அழுத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுவாசித்து, வலிப்பு வந்து, முதுகெலும்பில் சேதம். ஆக்ஸிஜன் அதிகமானால் விஷம் என்பதை இப்படியும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சரி, தங்கை சொன்ன ரெண்டு தினுசு.

முதலாவது ஓப்பன் சர்க்யூட். சினிமாவில் பார்க்கிறோமே, முதுகில் சிலிண்டர், வாயில் ரெகுலேட்டர், குபுகுபுவென்று குமிழி. அதேதான். இழுத்த மூச்சு வெளியே போனால் போனதுதான். இதில் ஒரு சின்னக் கணக்கு போடலாம், பயப்படாதீர்கள். தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 90 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் பத்து மடங்கு. நுரையீரல் அதே சைஸ். ஆனால் அதை நிரப்பப் பத்து மடங்கு வாயு வேண்டும். நிமிடத்துக்கு 200 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டர் இரண்டு, 230 பார் அழுத்தத்தில் நிரப்பினால் மொத்தம் 5,520 லிட்டர். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாலும் 27 நிமிஷம். குகைக்காரர்களின் சட்டப்படி மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. ஆக, உள்ளே போகக் கிடைப்பது ஒன்பது நிமிஷம். ஏறும்போது நிற்கிற படிகளுக்குத் தனித்தனி சிலிண்டர்கள் வேறு. 

இதில் வேடிக்கை, உடம்பு நிஜமாகவே எரிக்கிற ஆக்ஸிஜன் நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர்தான். ஆழம் எதுவானாலும் அவ்வளவுதான். 200 லிட்டரில் ஒரு லிட்டர். நூறு ரூபாய்க்கு மளிகை வாங்கி ஐம்பது காசுக்குச் சமைத்துவிட்டு மீதியைக் குப்பையில் கொட்டுகிற சம்சாரம். அந்த மளிகையும் சாதாரண காற்று இல்லை. ஆழத்தில் நைட்ரஜன் கள்ளுக் குடித்த மாதிரி போதை தரும், ஆக்ஸிஜன் அளவு மீறினால் வலிப்பு வரும் என்பதால் இரண்டையும் குறைத்து ஹீலியம் கலக்க வேண்டும். டிரைமிக்ஸ் என்று பெயர். ஹீலியம் விற்கிற விலையில் ஒரு டைவுக்கு வாயுச் செலவே நூற்றுக்கணக்கான டாலர். எல்லாம் குமிழியாய் மேலே போய்விடும்.

இரண்டாவது தினுசு ரீப்ரீதர். விட்ட மூச்சையே திரும்ப இழுப்பது. கேட்க அருவருப்பாக இருக்கிறதல்லவா? எட்டாம் வகுப்பில் சுண்ணாம்புத் தெளிநீரில் குழாய் வைத்து ஊதியிருப்பீர்களே, பால் மாதிரி மாறுமே, அதே வேதியியல்தான். வெளியே விட்ட மூச்சு ஒரு பைக்குப் போய், சோடா லைம் நிரப்பிய டப்பா வழியாக வருகிறது. சோடா லைம் என்பதில் பெரும்பகுதி நாம் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்புதான். அது கார்பன் டை ஆக்ஸைடைத் தின்றுவிடும். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கும் மெஷினிலும் இதே டப்பா உண்டு. செலவான ஒரு லிட்டர் ஆக்ஸிஜனை மட்டும் ஒரு சின்ன சிலிண்டரிலிருந்து மெஷின் சேர்க்கிறது. 3 லிட்டர் சிலிண்டரில் 600 லிட்டர் பிடிக்கும். காகிதக் கணக்குப்படி பத்து மணி நேரம் வரும். அதற்குமுன் சுண்ணாம்பு தீர்ந்துவிடும் என்பது வேறு விஷயம். இரண்டரை கிலோ சுண்ணாம்பு சில மணி நேரம் தாங்கும். ஆழம் அதிகமானாலும் செலவு ஏறாது. குமிழி இல்லை, சத்தம் இல்லை, மீன்கூட முகத்துக்கு நேரே வந்து பார்க்குமாம்.

இதைப் புதுசு என்று நினைக்காதீர்கள். குமிழி விடுகிற ஸ்கூபாவை கூஸ்தோவும் காஞ்யானும் சேர்ந்து செய்தது 1943-ல். ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கிலேயர் ரீப்ரீதரைச் செய்தது 1878-ல். இரண்டு வருஷம் கழித்து, செவர்ன் நதிக்கு அடியில் தோண்டிய ரயில் சுரங்கம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. அலெக்ஸாண்டர் லாம்பர்ட் என்ற டைவர் அந்தக் கருவியை மாட்டிக்கொண்டு கும்மிருட்டில் தண்ணீருக்குள் நடந்துபோய் இரும்புக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அப்போது ஆக்ஸிஜனை அளக்கக் கருவி கிடையாது. தைரியம் மட்டும்.

இப்போது அளக்க இருக்கிறது. மூன்று சென்ஸார் வைத்திருக்கிறார்கள். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் உண்மை, மூன்றாவது பொய் சொல்கிறது என்று கம்ப்யூட்டர் தீர்ப்புச் சொல்லும். பஞ்சாயத்து. ஒரே சமயத்தில் வாங்கி ஒரே சமயத்தில் கிழடாகிப்போன இரண்டு சென்ஸார்கள் சேர்ந்து பொய் சொன்னால்? நல்லவன் வெளியே, பொய்யர்கள் தீர்ப்பில். நம் ஊர்ப் பஞ்சாயத்திலும் இது நடப்பதுதான்.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தங்கை மகனின் கேள்வியை அவன் விலையாகவும் வசதியாகவும் பார்த்தான். (ரீப்ரீதர் புதுசு வாங்கினால் 10,000 டாலர், அதற்கு மேலும் ஆகும். ஹீலியத்தில் மிச்சம் பிடித்துவிடலாம் என்று எக்ஸெல் ஷீட்டே போட்டு அனுப்பினான்.) நான் பார்த்தது வேறு. ஒரு கருவி கெட்டுப்போகும்போது எப்படிக் கெட்டுப்போகிறது?

ஓப்பன் சர்க்யூட் கெட்டுப்போனால் ஊரைக் கூட்டும். ரெகுலேட்டர் பழுதானால் பீறிட்டு அடிக்கும், இல்லாவிட்டால் காற்று வராது. சிலிண்டர் காலியாகிறது என்றால் முள் காட்டும். முள்ளைப் பார்க்காவிட்டாலும் இழுக்கக் கஷ்டமாகும். எதுவானாலும் தெரிந்துவிடும். பதறுவீர்கள், ஆனால் பதற வேண்டும் என்பதாவது தெரியும்.

ரீப்ரீதர் கெட்டுப்போனால் மூச்சு வந்துகொண்டேயிருக்கும். சுகமாக வரும். தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளிப்பவர்களை நினைத்துப் பாருங்கள். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, சிப்பி பொறுக்கி, இனித் தாங்காது என்றதும் கயிற்றை ஆட்டுவார்கள். அந்த 'இனித் தாங்காது' என்பதைச் சொல்வது பிரதானமாக ஆக்ஸிஜன் குறைவு அல்ல, உடம்பில் சேர்கிற கார்பன் டை ஆக்ஸைடு. மூச்சுமுட்டல் என்ற அலாரத்தின் ஒயர் அதில்தான் இணைக்கப்பட்டிருக்கிறது. ரீப்ரீதரில் அந்த வாயுவைச் சுண்ணாம்பு தின்றுவிடுகிறது. ஆக்ஸிஜன் வால்வு மூடியிருந்தால், பையிலுள்ள ஆக்ஸிஜன் 21-லிருந்து 15, 10, 8 என்று இறங்கும். மூச்சுமுட்டாது. கவலை வராது. விளக்கணைத்த மாதிரி நினைவு போகும், அவ்வளவுதான். ஆக்ஸிஜன் அதிகமானாலும் பல சமயம் முன்னறிவிப்பு இல்லாமல் வலிப்பு. சுண்ணாம்பு தீர்ந்து கார்பன் டை ஆக்ஸைடு ஏறினால் மட்டும் அலாரம் அடிக்கும். ஆனால் அதற்குள் தலை குழம்பி, வாயிலிருந்து குழாயை எடுத்து வேறு குழாய் மாற்றக்கூட முடியாதபடி மூச்சிரைக்கும். ஒரு மூச்சு விட்டால்தானே மாற்றுவதற்கு?

இரண்டு வருஷம் முன்பு அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஜின்னி ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுக்கு அழைத்துப் போனான். மர பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஒரு மாணவர் வந்தார். இரட்டைச் சிலிண்டர், இரண்டு ரெகுலேட்டர். திறந்து, ஊதி, முள் பார்த்து, கால் மணியில் தண்ணீரில் இருந்தார். பக்கத்து பெஞ்சில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. ரீப்ரீதர்க்காரர். ஒரு மணி நேரம் ஆயிற்று. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையில் வரிசையாகப் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, வாய்விட்டுப் படித்து, செய்துவிட்டு, அடுத்த வரி. நடுவில் ஒருவர் வந்து குட்மார்னிங் சொன்னார். அவர் பதில் சொல்லிவிட்டு அட்டையை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில் மூக்கை அடைத்துக்கொண்டு ஐந்து நிமிஷம் கருவியிலேயே மூச்சு விட்டபடி கைத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற சிரத்தை.

"அந்த அஞ்சு நிமிஷத்துல சுண்ணாம்பு சரியா இருக்கான்னு தெரிஞ்சிருமாடா?" என்றேன்.

"நிச்சயமாத் தெரியாது மாமா. ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்றான். 2015-ல் வந்த ஓர் ஆய்வு. சொல்லாமல் கொள்ளாமல் சுண்ணாம்பு டப்பாவையே எடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் மூச்சு விடச் சொன்னார்கள். அப்போதும் சிலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. டப்பா பாதி பழுது என்றபோது பெரும்பாலோர் கண்டுபிடிக்கவில்லை. 

அந்தப் பெண்மணி தண்ணீரில் இறங்கினார். மாணவர் போன வழியெல்லாம் குமிழி வந்துகொண்டிருந்தது. இவர் போன இடத்தில் தண்ணீர் மூடிக்கொண்டது. ஆள் எங்கே இருக்கிறார் என்பதற்கு மேலே ஓர் அடையாளமும் இல்லை. கரையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

இதற்காக ஓப்பன் சர்க்யூட்டைப் பத்தினி என்று சொல்லிவிடக் கூடாது. ஷெக் எக்ஸ்லி என்று ஒருவர் இருந்தார். ஃப்ளோரிடாக்காரர். நாலாயிரத்துக்கு மேல் குகை டைவ்கள். குகையில் யார் எப்படிச் செத்தார்கள் என்று ஆராய்ந்து, சாகாமலிருக்க விதிகள் எழுதி 1979-ல் புத்தகம் போட்டவர். 1994 ஏப்ரல் 6-ம் தேதி மெக்ஸிகோவில் ஸகதோன் என்ற பள்ளத்தில் சிலிண்டர்களோடு இறங்கினார். உயிரோடு வரவில்லை. அவர் கைக்கருவி காட்டிய ஆழம் சுமார் 276 மீட்டர். விதிகளை எழுதியவருக்கே அப்படி.

ஆனால் தங்கை மகனிடம் நான் விரிவாகப் பேசியது டேவ் ஷா பற்றித்தான். ஆஸ்திரேலியர், விமான பைலட். பட்டியல் பார்த்துச் சரிபார்ப்பதே தொழில். ரீப்ரீதரில் கெட்டிக்காரர். தென் ஆப்பிரிக்காவில் புஷ்மன்ஸ் ஹோல் என்ற குகைக்குளத்தில் 2004 அக்டோபரில் 270 மீட்டர் ஆழத்தில் அடித்தரையைத் தொட்டபோது ஓர் உடலைப் பார்த்தார். பத்து வருஷம் முன்பு அங்கே இறந்துபோன டியான் டிரையர் என்ற இருபது வயதுப் பையன். பெற்றோர் உயிரோடிருந்தார்கள். எடுத்துவந்து தருகிறேன் என்றார் ஷா. 2005 ஜனவரி 8-ம் தேதி, தலையில் கேமராவோடு இறங்கினார். உடலைப் பைக்குள் போட வேண்டும். எலும்புதான் இருக்கும் என்று நினைத்தார்கள். இல்லை, உடல் மிதந்து அசைந்தது. அதோடு மல்லாடும்போது டார்ச் ஒயர் சிக்கிக்கொண்டது. கேமராவில் அவர் மூச்சு வேகமாவது பதிவாகியிருக்கிறது. வேகமாகி, இன்னும் வேகமாகி, நின்றுவிட்டது.

மெஷின் ஆக்ஸிஜனைக் கொடுக்காமல் விட்டதா? இல்லை. மருத்துவர்கள் அந்தப் பதிவை ஆராய்ந்து 2007-ல் எழுதிய கட்டுரைப்படி, அந்த ஆழத்தில் வாயு அடர்த்தியாகிவிடுகிறது. இழுக்கவும் விடவும் பலம் வேண்டும். வேலை செய்யச் செய்ய கார்பன் டை ஆக்ஸைடு கூடுகிறது; அதை வெளியேற்ற வேகமாக மூச்சு விட வேண்டும்; வேகமாக விடுவதே ஒரு வேலை; அதனால் இன்னும் கூடுகிறது. சுற்றுவட்டம். கீழே துணைக்கு இறங்கிய நண்பர் டான் ஷர்லிக்கு 250 மீட்டர் வாக்கில் கருவியின் கைத்திரை அழுத்தத்தில் நொறுங்கியது. அவர் கையால் ஆக்ஸிஜனைச் சேர்த்துச் சேர்த்து, பல மணி நேரம் தொங்கி, மேலே வந்தார். காதுக்குள் குமிழி புகுந்து உடம்பின் சமநிலை நிரந்தரமாகக் கெட்டுப்போயிற்று. நாலு நாள் கழித்துக் கயிறுகளை இழுத்தபோது இரண்டு உடல்களும் சேர்ந்து வந்தன. பெற்றோருக்குப் பிள்ளை கிடைத்தான்.

இதைப் போனில் சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அது 270 மீட்டர் மாமா. நான் கேக்கறது 90" என்றான்.

நியாயம். அதனால் எண்ணுக்கு வந்தோம். ஆண்ட்ரூ ஃபாக் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் 1998 முதல் 2010 வரை ரீப்ரீதரில் இறந்தவர்கள் 181 பேர். சாதாரண ஸ்கூபாவைவிட சாவு விகிதம் தோராயமாகப் பத்து மடங்கு என்று மதிப்பிட்டார். இதில் ஒரு பகுதிக்கு ஆழத்துக்குப் போகிற, துணிச்சல் அதிகமுள்ள ஆட்களே ரீப்ரீதர் வாங்குவதும் காரணமாக இருக்கலாம் என்றும் அவரே சொல்கிறார். கருவி பழுதாகும் வாய்ப்பு, இரட்டைச் சிலிண்டரைவிட 25 மடங்கு. அத்தனை பாகங்கள். இந்தக் கூடுதல் ஆபத்தை ஈடுகட்ட ஒரு வழி உண்டு, கூடவே வேறொரு மூச்சு வழியை எடுத்துப்போவது என்கிறார்.

அந்த வேறொரு வழி என்ன? இதை அவனைச் சொல்லவைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"பெயில் அவுட் மாமா. பக்கவாட்டுல தொங்கும். மெஷின் சந்தேகமா இருந்தா அதுக்கு மாறிட்டு மேல வந்துரணும்."

"அது என்ன தினுசு?"

"சாதாரண சிலிண்டர்தான். ஓப்பன் சர்க்..." என்று நிறுத்தினான்.

அங்கேதான் நான் நின்றேன். ரீப்ரீதர் டைவின் நல்ல பகுதி முழுவதும் ரீப்ரீதர். மோசமான பகுதி ஓப்பன் சர்க்யூட். அதுவும் எப்படிப்பட்ட ஓப்பன் சர்க்யூட்! நிதானமாக நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிற ஆள் இல்லை. கார்பன் டை ஆக்ஸைடு ஏறி, இதயம் குதித்து, 40, 50 லிட்டர் இழுக்கிறவன். 90 மீட்டரில் அது நிமிடத்துக்கு 400, 500 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டர் ஒன்றில் 2,200 லிட்டர். சுமார் ஐந்து நிமிஷம்தான் வரும். எந்தச் சிலிண்டர் எந்த ஆழத்துக்கு, எங்கே மாற்றுவது, ஒவ்வொரு படியிலும் எத்தனை நிமிஷம்: எல்லாம் தலை குழம்பிய நிலையில் கை தானாகச் செய்ய வேண்டும். ஆழத்துக்கென்று கலந்த டிரைமிக்ஸில் ஆக்ஸிஜன் பத்து, பன்னிரண்டு சதவீதம்தான் இருக்கும். அதை மேலே வந்து இழுத்தால் மயக்கம். ஆழத்துக்கு வேண்டாத ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கீழே இழுத்தால் வலிப்பு. தப்பான குழாயை வாயில் வைத்து இறந்தவர்கள் உண்டு. அந்தக் கைப்பழக்கம் எங்கே வரும்? ஒன்றும் கெடாத நாட்களில், ஓப்பன் சர்க்யூட்டில், அறுபது மீட்டருக்குள், திரும்பத் திரும்பச் செய்த டைவ்களில் வரும்.

"முதல்ல அதைப் படி. ரீப்ரீதர் எங்க ஓடிப்போயிரும்?" என்றேன்.

அவன் சும்மா விடவில்லை. எதிர்வாதம் நல்ல வாதமாகவே இருந்தது. ஓப்பன் சர்க்யூட்டில் பத்து வருஷம் ஊறியவனுக்கு ரீப்ரீதர் வராது என்கிறான். மூச்சை இழுத்தால் உடம்பு லேசாக மேலே எழும்பும், விட்டால் இறங்கும். அதை வைத்தே தண்ணீரில் நிலையாக நிற்கப் பழகியிருப்பார்கள். ரீப்ரீதரில் காற்று நுரையீரலுக்கும் பைக்கும் போய்வருவதால் மொத்தக் கனஅளவு மாறாது. அந்த வித்தை பலிக்காது. மறுபடி எல்.கே.ஜி. ஆனால் ஆள் மட்டும் நினைப்பில் பி.ஹெச்டி. பழைய ஆழத்துக்கே புதுக் கருவியோடு போய் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குச் சின்ன ஆழத்திலேயே ரீப்ரீதரைத் தொடங்கி, நூறு மணி நேரம் பழகிவிடலாமே?

இது உண்மை. கார் ஓட்டத் தெரிந்தவன் முதல் நாள் லாரியில் ஏறுகிற தைரியம் ஆபத்தானதுதான். அதனால் இரண்டையும் தள்ளி வைக்காமல் ஒரு வரிசைக்கு வந்தோம். இந்த வருஷம் ஓப்பன் சர்க்யூட்டில் டிரைமிக்ஸ், 60 மீட்டர்வரை. அதில் ஒன்றரை வருஷமாவது டைவ். பிறகு ரீப்ரீதர், ஆனால் முதல் வகுப்பிலிருந்து, 30 மீட்டரில், எல்.கே.ஜி. பிள்ளையாகவே. ஈகிள்ஸ் நெஸ்ட் எங்கேயும் போகாது. 90-க்குக் கீழே போவது பற்றிப் பேச்சே கிடையாது என்று நான் ஒரு நிபந்தனை போட்டேன். அவன் 'பாக்கலாம்' என்றான். அந்தப் 'பாக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். பட்டியல் அட்டையை நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் என்ன செய்வாய்? "முதல் வரியிலேருந்து" என்றான். அந்தப் பெண்மணியை அவனும் பார்த்திருக்கிறான். கோர்ஸ் கட்டணத்தைவிட இந்தப் பதிலுக்கு நான் அதிகம் கொடுப்பேன். பொறுமையில்லாதவன், 'எல்லாம் எனக்குத் தெரியும்' என்கிறவன், ஆபீஸ் போனைப் பார்த்துக்கொண்டே சமைக்கிறவன், இவர்களெல்லாம் ரீப்ரீதர் வாங்கக் கூடாது என்பது என் சொந்த அபிப்பிராயம். இவர்களுக்குக் குமிழி நல்லது, கெட்டுப்போனால் சொல்லிவிடும்.

தங்கைக்கு முடிவைச் சொன்னேன். "இப்போதைக்கு அறுபது மீட்டர்தான். இருநூறு அடி."

"முன்னூறுல நூறு கொறச்சிட்டீங்கல்லா. இன்னொரு நூறும் கொறைக்கப் பாருங்க" என்றாள். மீன் விலை பேசிப் பழகியவள்.

கோர்ஸ் ஆரம்பித்துவிட்டது. முதல் மூன்று நாள் ஆறு மீட்டருக்குக் கீழே போகவே இல்லையாம். முதுகுக்குப் பின்னால் இருக்கிற வால்வுகளைப் பார்க்காமல் மூடித் திறப்பது, கண்ணாடியை மறைத்துக்கொண்டு சரியான குழாயைத் தடவி எடுப்பது, பயிற்சியாளர் திடீர் திடீரென்று காற்றை அடைத்துவிட்டு விரலால் செகண்டு எண்ணுவது. "போர் அடிக்குது மாமா" என்று எழுதியிருந்தான். கூடவே செலவுப் பட்டியல். பயிற்சிக் கட்டணத்தைவிட ஹீலியம் கணக்கு நீளமாக இருந்தது. அம்மாவிடம் அந்த இரண்டாவது பக்கத்தைக் காட்ட வேண்டாம் என்று ஒரு குறிப்பும்.